சென்ட்டு எடுத்த சாம்பிள்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அவனுக்கு ‘சென்ட்டு’ என்றுதான் பெயர். வேலை முடிந்ததும் தேய்த்துக் குளித்து, கழுத்திலும் மணிக்கட்டிலும் சென்ட் அடித்துக்கொள்ளாமல் வாசலைத் தாண்டமாட்டான். “மாப்பிள்ளை கிளம்பிட்டாரு, வழி விடுங்கப்பா” என்று லாரி டிரைவர்கள் ஓட்டுவார்கள். வீட்டில் யாரும் தன்னைக் கண்டு மூக்கைச் சுளிக்கக் கூடாது, அவ்வளவுதான் அவன் ஆசை. அதைக் குறை சொல்ல முடியாது. வேலை நேரத்திலும் அந்த ஆசையை அவன் விடவில்லை, அதுதான் வினையாகப் போயிற்று.

சாம்பிள் எடுப்பது அவன் வேலை. சாக்கடைக் கசடைக் காயவைத்துக் குவித்திருப்பார்கள். கிருமி செத்திருந்தால்தான் அது காய்கறி நிலத்துக்கு உரமாகப் போகலாம். இல்லாவிட்டால் மரங்களுக்கு மட்டும்தான். அதைச் சோதிக்க, குவியலின் வயிறுவரை பல இடங்களில் தோண்டி, எல்லாவற்றையும் கலந்து டப்பாவில் எடுக்கவேண்டும். உள்ளே ஈரமாக, குடலைப் பிடுங்கும் நாற்றமாக இருக்கும். மேலேயோ வெயிலில் காய்ந்து, வெறும் மண்போலச் சாதுவாகக் கிடக்கும். சென்ட்டு மேலாகச் சுரண்டிக்கொண்டு வந்துவிடுவான். வெயில்பட்ட கசடில் கிருமி ஏது? எப்போதும் பாஸ்தான்.

அக்கா தன் நிலத்துக்கு உரம் கேட்டபோது, “நானே பாத்து அனுப்புறேன்க்கா” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். அந்த லாரியும் அப்படித்தான் போனது. அக்கா கேரட் போட்டாள்.

கேரட் விளைந்து நிற்கும் நேரத்தில், நிலையத்துக்குப் புதிதாக வந்த அதிகாரி அம்மா, அக்காவுக்கு உரம் போன குவியலில் மிச்சமிருந்ததன் நடுவே தானே மண்வெட்டியை இறக்கினார். முடிவு வந்தது. உள்ளே கிருமி அப்படியே இருந்தது. வேலை போய்விடுமோ என்றுதான் சென்ட்டு முதலில் பயந்தான். அக்கா ஞாபகம் அதற்கப்புறம்தான் வந்தது. அந்த முந்தின நினைப்புக்காகத் தன்னையே காறித் துப்பிக்கொண்டான். ஆனாலும் பழக்கம் விடவில்லை. குளித்துச் சென்ட் அடித்துக்கொண்டுதான் அக்காவிடம் ஓடினான்.

அக்கா கேரட் பிடுங்கிக்கொண்டிருந்தாள். “வாடா தம்பி. நாளைக்கு மார்க்கெட் வேன் வருது. இந்தா, முதல் கேரட் உனக்குத்தான் எடுத்து வெச்சிருக்கேன்.”

“அக்கா, இதை யாரும் தின்னக் கூடாது. விக்கவும் கூடாது. அந்த உரம் சரியில்ல.”

அக்கா சிரித்தாள். “போடா. நீ பாக்காமயா அனுப்புவ?”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அந்த நம்பிக்கைதான் அவனைக் கொன்றது.

“பாக்கலக்கா. மேல மட்டும் சுரண்டி எடுத்தேன். உள்ள தோண்டவே இல்ல.”

“ஏன்டா?”

“நாத்தம் அடிக்கும்னு.”

அக்கா தன் நிலத்தை ஒரு முறை பார்த்தாள். அத்தனை மாத உழைப்பும் பச்சைப்பசேலென்று நின்றது. கையிலிருந்த கேரட்டைக் கீழே போட்டாள். வேன்காரருக்குப் போன் போட்டு, வரவேண்டாம் என்று மட்டும் சொன்னாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

“நல்லா மணக்குறடா, தம்பி” என்றாள்.