அக்காவுக்கு வந்த ஹால் டிக்கெட்

அக்கா எங்களை விட்டுப் போய் இந்த ஆனியோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும், அக்காவைத் தெரிந்த அத்தனை பேருக்கும் எங்கள் வீட்டின் வணக்கம். மலரில் ‘அவர்’ என்று மரியாதையாக எழுத வேண்டும் என்று சித்தப்பா சொன்னார். எழுதிப் பார்த்தேன். பக்கத்துத் தெரு டீச்சரைப் பற்றி எழுதுவது போல இருந்தது. படித்தால் அக்காவே சிரித்துவிடுவாள். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளவும், நான் ‘அவள்’ என்றே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது தென்காசியில், வளர்ந்தது மேலகரத்தில். அப்பாவுக்குச் சாரல் மாதங்களில் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வேலை, மற்ற மாதங்களில் குத்தகை வயல். எங்கள் வீட்டில் அவளுக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்தைத் தாண்டியதில்லை. என்னைவிட ஆறு வயது மூத்தவள். சண்டை போடும்போது மட்டும் என்னைவிடச் சின்னவள்.

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தாள். சென்னையில் உள்ள பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்தது. கவுன்சலிங் ஆணையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து அம்மா திருநீறு பூசினார். ஆனால் கட்டணத்துக்கு என்ன வழி என்று எங்களுக்குத் தெரியவில்லை. அப்பா சுரண்டை வரை போய்ச் சொந்தக்காரர்களைக் கேட்டுப் பார்த்தார். அதற்குள் கடைசித் தேதி முடிந்து இடம் கைவிட்டுப் போனது. அக்கா தென்காசியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அங்கே ஒரு மாணவிக்கு விண்ணப்பம் நிரப்பும்போதுதான் அவளுக்கே விஷயம் தெரிந்தது. வீட்டில் யாருமே பட்டம் வாங்கியிருக்கவில்லை என்றால், முதலில் படிக்கப் போகும் பிள்ளையின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்றுக்கொள்ளும். அதற்கு முதல் பட்டதாரி சான்றிதழ் என்று ஒரு காகிதம் போதும். எங்களுக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை. அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தவள், மறுநாள் எழுந்ததும் என்னிடம் சொன்னாள்: “நமக்குத் தெரியாமப் போச்சு. இன்னொரு வீட்டுக்குத் தெரியாமப் போகக் கூடாதுட்டி.”

அதன் பிறகு அவள் போன் ஓய்ந்ததே இல்லை. புளியறையிலிருந்தும் சுரண்டையிலிருந்தும் யார் யாரோ கூப்பிடுவார்கள். வாயில் சோறு இருந்தாலும் எடுத்துப் பேசுவாள். எந்த உதவித்தொகைக்கு எந்தச் சான்று, எத்தனை நாளுக்குள் என்றெல்லாம் கேட்டுக் கேட்டு எங்கள் அம்மாவுக்கே பாடமாகிவிட்டது.

வேலை பார்த்துக்கொண்டே அக்கா தபால் வழியில் பி.காம். சேர்ந்தாள். மூன்று வருடத்தில் எல்லாத் தாளும் முடித்தாள். ஒரே ஒரு தாள் மட்டும் நின்றுவிட்டது. அதை எழுத நான்கு தடவை திருநெல்வேலிக்குப் போனாள். நான்கு தடவையும், “போச்சுட்டி” என்று சிரித்துக்கொண்டே வந்தாள். “ஆனை உள்ள போயிட்டு, வாலு மாட்டிக்கிட்டு நிக்கே தாயி” என்பார் அப்பா. நான் அவளை ‘அரியர் அக்கா’ என்றே கூப்பிட ஆரம்பித்தேன். கூப்பிட்டதை நினைத்தால் இப்போது என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

போன வருடம் நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். அதே பல்கலைக்கழகத்துக்கு எனக்கு விண்ணப்பம் போட்டவள் அக்கா. தன் போன் நம்பரையே கொடுத்திருந்தாள். முதல் பட்டதாரி சான்றிதழுக்கும் மனுச் செய்துவிட்டாள். அந்த வாரமே காய்ச்சலில் படுத்தாள். ஐந்தாம் நாள் காலை, முதல் சாரல் விழுந்தபோது போய்விட்டாள். அவளுக்கு இருபத்து நான்கு வயது.

அவளைக் கிடத்தியிருந்த இடத்தில் அவள் படத்தை வைத்து விளக்கேற்றி, பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்தோம். பதினாறு நாள் வரை அந்த இடத்தை யாரும் மிதிக்கக் கூடாது. என் கவுன்சலிங்குக்கான ஓ.டி.பி. எல்லாம் அவள் போனுக்குத்தான் வரும் என்பதால் அதை அணைக்க முடியவில்லை. “அவ போன் அவ பக்கத்துலயே கெடக்கட்டும்” என்று அம்மா அதைச் சார்ஜரோடு விளக்கின் அருகில் வைத்துவிட்டார். யாரும் தொடாமலே அது அவ்வப்போது வெளிச்சம் போட்டு அடங்கும். காலையில் பார்த்தால் செம்பில் தண்ணீர் குறைந்திருக்கும். காற்றுக்கு வற்றியிருக்கும் என்று நான் சொல்லுவேன். அந்த ஈரத்தில் துவைத்த துணியே காய்வதில்லை என்பது எனக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் சித்தப்பா பேருந்து நிறுத்தத்தில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டினார். அக்கா பெயருக்குப் பின்னால் ‘பி.காம்.’ என்று போட்டிருந்தார். “ஒரு தாள்தானே பாக்கி. எம் பிள்ளைக்கு நான் போடுதேன் பட்டம்” என்று அழுதார். யாருக்கும் தடுக்க மனம் வரவில்லை. சாரல் காற்றில் அந்த ஃப்ளெக்ஸ் உப்பி உப்பி அடங்கும்போது அக்கா மூச்சு விடுவது போலவே இருக்கும். நான் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

ஏழாம் நாள் கிராம நிர்வாக அலுவலர் என் மனுவுக்காக விசாரணைக்கு வந்தார். துக்க வீட்டில் உட்காரத் தயங்கி, நின்றுகொண்டே கேட்டார்: “உங்க மூத்த பிள்ள பட்டதாரின்னு பஸ் ஸ்டாப்புல எழுதியிருக்கே. அப்புறம் சின்னவ எப்படி முதல் பட்டதாரி ஆவா?”

“அது ஆசைக்குப் போட்டது சார். அவ இன்னும் பாஸ் பண்ணல” என்றார் அப்பா.

“இருக்கலாம் அண்ணாச்சி. எனக்கு ஒரு தாள் வேணும்லா? பாஸ் பண்ணலன்னு காட்டுங்க, எழுதித் தாரேன்.”

அவர் கேட்டதில் தவறில்லை. ஆனால் வீடு முழுக்கத் தேடியும் அக்காவின் மதிப்பெண் பட்டியல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பல்கலைக்கழகப் பக்கத்தைத் திறக்கலாம் என்றால் அவளுடைய பதிவு எண் எங்களுக்குத் தெரியாது. சான்றிதழ் இல்லாமல் சலுகை கிடையாது, சலுகை இல்லாமல் சென்னை கிடையாது. அக்காவுக்குப் போனது போலவே எனக்கும் போகப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

ஒன்பதாம் நாள் சுரண்டையிலிருந்து ஓர் அம்மா மகளின் சான்றிதழ்களோடு வந்தார். “இங்கன ஒரு பிள்ள அப்ளிகேஷன் போட்டுத் தருமாமே. காலம்பர போன் போட்டேன். வருமானச் சான்று பழசு செல்லாது, புதுசு எடுத்துட்டு வாங்கன்னு சொல்லிச்சு. கையோட எடுத்துட்டு வந்துட்டேன்” என்றார். நான் விளக்கைக் காட்டினேன். படத்தைப் பார்த்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் போனை வாங்கிப் பார்த்தேன். அன்று காலை நான்கு நிமிடம் பேசியதாக இருந்தது. அந்த நேரத்தில் அப்பா வயலில் இருந்தார், நான் தாலுகா ஆபீஸில் இருந்தேன். அம்மா உள்ளறையில் படுத்திருந்ததாகச் சொன்னார். போனை எடுத்தது யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

பன்னிரண்டாம் நாள் மதியம், வானம் இருட்டிக்கொண்டு வந்த நேரம், விளக்கின் அருகில் போன் வெளிச்சம் போட்டது. எட்டிப் பார்த்தேன். அக்காவின் பெயர், பதிவு எண், கீழே ஒரு செய்தி. தேர்வுக்கு ஹால் டிக்கெட் தயாராக இருக்கிறது, தவறாமல் வரவும் என்று இருந்தது. இறந்தவளைப் பெயர் சொல்லி வரச் சொல்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது: தேர்வு இருக்கிறது என்றால் அவள் இன்னும் தேறவில்லை. நாங்கள் தேடிய பதிவு எண்ணும் அதிலேயே இருந்தது.

மிதிக்கக் கூடாத இடத்தின் ஓரத்தில் நின்று ஓ.டி.பி.யைப் படித்து, அவளுடைய மதிப்பெண் பட்டியலை என் போனில் இறக்கினேன். எல்லாத் தாளிலும் நல்ல மதிப்பெண். அந்தக் கடைசித் தாளுக்கு எதிரே நான்கு தடவையும் ‘வரவில்லை’ என்று இருந்தது. தோற்கவில்லை. அவள் எழுதவே இல்லை.

“நான்தானே பஸ் ஏத்திவிட்டேன். ஜன்னல்ல இருந்து கை காட்டினாளே” என்றார் அப்பா.

அம்மா விளக்கையே பார்த்துக்கொண்டு கேட்டார்: “அப்போ நாலு தடவையும் பஸ்ல போனது யாருட்டி?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்கா பட்டம் வாங்கினால் இந்த வீட்டின் முதல் பட்டதாரி அவள்தான். பிறகு எனக்குச் சலுகை கிடையாது. ஊருக்கெல்லாம் விதி சொன்னவளுக்கு இது தெரியாமலா இருக்கும்? எனக்காக அந்த ஒரு தாளை எழுதாமல் வைத்திருந்தாள். என் கேலியையும் வாங்கிக்கொண்டு சிரித்தாள். அன்று நான் அழுத அழுகையை அவள் செத்த அன்றுகூட அழவில்லை.

அப்பா தன் கையால், ‘என் மூத்த மகள் எந்தப் பட்டமும் பெறவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு வரியை எழுத அவருக்கு அரை மணி நேரம் ஆனது. சித்தப்பா மழையோடு போய் ஃப்ளெக்ஸைத் தானே கழற்றினார். சான்றிதழ் வந்தது, அக்காவுக்குக் கிடைத்த அதே பல்கலைக்கழகத்தில் இடமும் வந்தது.

துக்க நாட்களில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்து தந்த தெருக்காரர்களுக்கும், சித்தப்பாவுக்கும், கேட்க வேண்டியதைக் கேட்டுச் செய்ய வேண்டியதைச் செய்த அலுவலருக்கும், கம்ப்யூட்டர் சென்டர் நண்பர்களுக்கும் எங்கள் நன்றி. சுரண்டை அம்மாவின் மகளும் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாததால் அவர் கைக்கு இந்த மலர் போய்ச் சேராது.

அந்தத் தேர்வு, நான் சென்னைக்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதற்கு அக்கா வைகாசியிலேயே பணம் கட்டியிருந்தாள். முடிவு வருவதற்குள் நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருப்பேன் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். ஏன் போனேன் என்று தெரியவில்லை. அவளுடைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு, ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனேன். வாசலில் நின்ற கண்காணிப்பாளர் அம்மா என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

“வந்துட்டியா? ஒவ்வொரு தடவையும் அந்த வேப்ப மரத்தடியில இருப்ப, மணி அடிச்சதும் எந்திரிச்சுப் போயிருவ. அப்படி என்ன பயம்? இன்னைக்காவது உள்ள வா தாயி.”

எனக்கு மரத்தடியைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஹால் டிக்கெட்டை நீட்டி, விஷயத்தைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விதிப்படி கூடாது என்று சொல்லிக்கொண்டே, மற்றவர்கள் வருவதற்கு முன் உள்ளே கூட்டிப்போய் அக்காவின் எண் ஒட்டிய பெஞ்சைக் காட்டினார். தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்து நின்றேன். மணி அடித்தது. அவர் வருகைப் பதிவேட்டோடு வாசலுக்கு வந்தார்.

“வரலன்னுதான் போடணும்மா” என்றார்.

“போடுங்க டீச்சர். இந்தத் தடவ அவ உள்ள வரத்தான் இருந்தா” என்றேன்.