பம்பில் சிக்கிய முடிச்சு

முதியோர் இல்லத்தில் அவளுக்கு வைத்த பெயர் ‘பத்து நிமிஷம்’. படுத்த படுக்கையாக இருப்பவரைத் துடைத்து, துணி மாற்றி, விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போக அவளுக்கு அவ்வளவு நேரம் போதும். மூன்றாம் அறையில் ஒரு பழைய பஸ் கண்டக்டர் இருந்தார். அவள் தலை தெரிந்ததுமே, “பத்து நிமிஷம் வந்தாச்சு, எல்லாரும் உள்ள தள்ளி நில்லுங்கப்பா!” என்று குரல் கொடுப்பார்.

“உங்க வாயைத் துடைக்கத்தான் தனியா பத்து நிமிஷம் வேணும்,” என்பாள் அவள்.

அந்த வேகத்துக்கு ஒரு வழி வைத்திருந்தாள். துடைத்து அழுக்கான வைப்ஸ் ஈரத்தாள்கள் எல்லாவற்றையும் இடது உள்ளங்கையில் அடக்கிக்கொள்வாள். கையுறையை அவற்றின்மேல் உட்புறம் வெளியே வரும்படி உருவுவாள். வாயை இரண்டு முறுக்கு முறுக்கி, வாலை உள்ளே செருகிவிட்டால் எலுமிச்சம்பழ அளவில் ஒரு முடிச்சு. அதைக் கழிப்பறையில் போட்டு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது வேலை. அறையில் நாற்றம் நிற்கக் கூடாது என்பது மேட்ரனின் சட்டம். மூடி போட்ட குப்பைத்தொட்டியோ கட்டடத்தின் பின்வாசலில் இருந்தது. வைப்ஸ் தண்ணீரில் கரையும் என்று பாக்கெட்டில் போட்டிருந்தது. கையுறை கரையாது என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கட்டிலில் ஆள் நனைந்து கிடக்கும்போது குழாய்க்குள் போனதைப் பற்றி யார் நினைப்பார்கள்?

அவள் கணவன் கழிவுநீர்ப் பம்பு நிலையத்தில் ஆப்பரேட்டர். ஆற்றங்கரையில் ஒற்றைக் கட்டடம், இரண்டு மோட்டார்கள். ஊர்க் கழிவு அங்கே வந்து சேரும். பம்புக்கு முன்னால் குப்பையைத் தடுக்க ஒரு கம்பி வலை; அதைச் சுத்தம் பண்ணுவதும் அவன் வேலை. பம்பு அதைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தள்ளும். பம்பு நின்றால் அது ஆற்றில்தான் வழியும். அவன் வேலை பார்க்கும் ஜன்னலுக்கு நேரே, சாய்ந்த மரத்தின் வேர்களுக்கடியில் ஒரு நீர்நாய் மூன்று குட்டிகள் போட்டிருந்தது. வீட்டுக்கு வந்தால் அவனுக்கு அதே பேச்சு.

“இன்னிக்குச் சின்னது தானே ஒரு மீன் பிடிச்சுது. அண்ணன்காரன் வந்து பிடுங்கிட்டுப் போயிட்டான்.”

“உங்க வீட்டுக் கதையைச் சொல்றீங்களா?”

“எங்க அண்ணன் பாதியாவது குடுப்பான்டி,” என்று சிரிப்பான்.

அந்த வருடம் ஒரு நாள் பகல் முழுக்க மழை கொட்டியது. மழைத் தண்ணீரும் சாக்கடையில் சேர, பம்புக்கு வரும் கழிவு மூன்று மடங்கானது. குப்பை வலையைத் தாண்டி உள்ளே போய், முதல் மோட்டார் அடைத்து நின்றது. அதைப் பிரிப்பதற்குள் இரண்டாவதும் நின்றது. மதியத்திலிருந்து சாயங்காலம் வரை ஊர்க் கழிவு மொத்தமும் ஆற்றில் இறங்கியது. அவன் தோள்வரை கையை விட்டு, சிக்கியிருந்ததை வெட்டி வெட்டி இழுத்தான்; கையெல்லாம் கீறல்.

மறுநாள் காலை அவள் சாப்பாடும் மாற்றுத்துணியும் எடுத்துக்கொண்டு போனாள். கரை ஓரமெல்லாம் மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. வேர்களுக்கடியில் மூன்று குட்டிகளும் ஒன்றின்மேல் ஒன்றாகச் செத்துக் கிடந்தன. தாய் மட்டும் தண்ணீரில் வட்டமடித்துச் சீழ்க்கை போலக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

பம்பிலிருந்து இழுத்துப் போட்டவை வாசலில் குவிந்திருந்தன. துணிச் சிடுக்கு, கயிறுபோல் முறுக்கியது. அதற்குள் எலுமிச்சம்பழ அளவில் முடிச்சுகள். அவள் குந்தி உட்கார்ந்து ஒன்றின் வாலை இழுத்தாள். இரண்டு முறுக்கு அவிழ்ந்தது. எண்ண ஆரம்பித்தவள் நாற்பதுக்குமேல் எண்ணவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவனுடைய கையைக் கழுவி மருந்து போட்டுக்கொண்டே சொன்னாள். “அது என் முடிச்சுங்க.”

“தெரியும். நம்ம வீட்டுக் குப்பைப் பையையும் அப்படித்தானே கட்டுற.”

“ஆபீஸ்லேருந்து விசாரிக்க வந்தவங்ககிட்ட என்ன சொன்னீங்க?”

“வலையைச் சரியா சுத்தம் பண்ணலன்னு எழுதிக்கிட்டாங்க. கையெழுத்துப் போட்டுட்டேன். வேலையிலேருந்து நிறுத்திட்டாங்க.”

“ஏங்க?”

“என் ஒருத்தனோட போகட்டும். சாப்பாடு போடு.”

அவள் சாப்பாடு போட்டாள். அடுத்த நாள் அவனிடம் சொல்லாமல் பம்பு நிலையத்து இன்ஜினியரிடம் போய், நடந்ததை எழுதிக் கொடுத்தாள். எந்த இல்லம், எத்தனை மாதம், ஒரு நாளைக்கு எத்தனை முடிச்சு. இன்ஜினியர் தலையை ஆட்டினார். “உங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டது போட்டதுதாம்மா.” அவனை வேலையிலிருந்து நிறுத்தியது நிறுத்தியதாகவே இருந்தது. இல்லத்துக்கு மட்டும் ஒரு நோட்டீஸ் போனது. அந்த வாரமே அறைக்கு ஒரு மூடித்தொட்டி வந்தது. மேட்ரன் அவளைக் கூப்பிட்டு, “வீட்டுக்குள்ள தீர்க்க வேண்டியதைத் தெருவுக்கு இழுத்துட்டியே” என்று சொல்லி வேலையை விட்டு அனுப்பிவிட்டாள்.

பையோடு வந்து நின்றவளைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது.

“ரெண்டு பேரும் வீட்ல உக்காந்தாச்சு. செத்த குட்டிங்க திரும்பி வந்துடுமா?”

“வராது. எனக்குப் பதிலா வர்றவளும் அதையே பண்ணக் கூடாதுல்ல.”

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு மேஜைமுன் உட்கார்ந்தான்.

“ஆறு மாசமா வலையில உன் முடிச்சைப் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்,” என்றான். “தினம் அஞ்சு, பத்து. கையால எடுத்துப் போட்டுட்டு வருவேன். நீ களைச்சுப் போய் வர்ற. இதையும் சொல்லி உன்னை எதுக்கு நோகடிக்கணும்னு விட்டுட்டேன்.”

அவள் பையைக் கீழே வைத்தாள். ஒரு வார்த்தை. அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பாள். அது அவனுக்கும் தெரிந்திருந்தது.

“அந்தக் குட்டிங்களை நாம ரெண்டு பேருமா சேர்ந்து...” என்று ஆரம்பித்தவனால் முடிக்க முடியவில்லை.

“கொன்னுட்டோம்,” என்றாள் அவள்.

அவன் மேஜைமேல் தலை கவிழ்ந்தான். அழுகிறவர்களுக்கு முதலில் தண்ணீர், பிறகு தோளில் கை என்று அவளுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறாள். இப்போது எதுவும் செய்யாமல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். இருட்டிய பிறகும் இருவரில் யாரும் எழுந்து விளக்குப் போடவில்லை.