5.58க்கு உள்ளே வந்த பெயர்

நான் குடிப்பதில்லை. கற்பனையும் எனக்கு வராது. ஆயுள் முழுக்கக் கிராணியாகக் கணக்கு எழுதியவனுக்குப் பெயரையும் நம்பரையும் தவிர வேறென்ன தெரியும்? இது நடந்தது. 1952, லாபு பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். காட்டில் கம்யூனிஸ்ட் கலகக்காரர்கள், அதனால் அவசரகாலம். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி, ஒரே கேட்.

சின்னக் கிராணியான எனக்குக் கேட்டில் இரண்டு பட்டியல். காலையில் வெளியே போனவர்கள் ஒன்று, மாலை ஆறுக்குள் உள்ளே வந்தவர்கள் ஒன்று. பெயரையும் அடையாளக் கார்டு நம்பரையும் எழுதி, இரண்டையும் ஒத்துப் பார்க்க வேண்டும். ஜோடி இல்லாத பெயர் இருந்தால் ஆள் காட்டுக்குள் போய்விட்டான் என்று சந்தேகம்.

இது நடக்க மூன்று மாதத்துக்கு முன் போலீஸ் ஒரு பட்டியல் கொண்டுவந்தது. காட்டுக்கு அரிசி கடத்தியவர்களாம். பெரிய கிராணி கணேசமூர்த்தி அதை எங்கள் ஆள் பட்டியலோடு ஒத்துப் பார்த்தார். பெயரை மட்டும்.

"மாயாண்டி இருக்கான். கூட்டிக்கிட்டுப் போங்க."

பால்மரம் வெட்டிப் பால் எடுக்கும் மாயாண்டி கும்பிட்டு நின்றான். "நம்பர பாருங்கய்யா. அது நான் இல்ல."

பக்கத்திலிருந்த நான் பார்த்தேன். நம்பர் வேறு. வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. மறுநாள், ஓடப் பார்த்தான் என்று அவனைப் போலீஸ் சுட்டுக் கொன்றுவிட்டது.

பிறகு ஒரு திங்கட்கிழமை. போனவர்கள் 62. வந்தவர்கள் 63.

கூடுதல் பெயர் மாயாண்டி. நேரம் 5.58. என் கையெழுத்துதான். மழையே இல்லாத நாள்... அந்த வரி மட்டும் ஈரம்.

கேட்டில் காவல் நின்ற கான்ஸ்டபிள் எட்மண்டைக் கேட்டேன். "கடசியா யாரு வந்தா?"

"பால்மரம் வெட்டுற நீலாவதி லா. அதுக்கப்புறம் யாருமில்ல."

கணேசமூர்த்தியிடம் காட்டினேன். "பயந்தாங்கொள்ளி. பேர வெட்டிட்டுப் போ லா" என்று சிரித்தார்.

செவ்வாய். 5.58. குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். டக்... மேசையில் ஒரு கார்டு. மேலே ஈரக் கை.

"நம்பர பாருங்கய்யா."

நிமிர்ந்தேன். யாருமில்லை.

புதன். துரை பங்களாவுக்குப் போன கணேசமூர்த்தியையும் சேர்த்துப் போனவர்கள் 63. வந்தவர்களும் 63. அப்பாடா என்று கேட்டைப் பூட்டச் சொன்னேன். கூட்டினால் சரியாக வரும்போது பெயரை யார் பார்க்கிறார்கள்?

6.20. வெளியே ஓர் அலறல்...

பட்டியலை இழுத்தேன். வந்ததில் மாயாண்டி இருந்தான்.

கணேசமூர்த்தி இல்லை.

பூட்டிய கேட்டுக்கு வெளியே, கம்பியைப் பிடித்தபடி செத்திருந்தார். காயமில்லை. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை மிச்சமிருந்தது.

விடிந்ததும் பெட்டியோடு கிளம்பினேன். திரும்பவேயில்லை.

1958இல் சிரம்பானில் எட்மண்டைப் பார்த்தேன்.

"அமலதாஸ், நீ போனத நான்தான் லிஸ்ட்ல எழுதினேன். வந்த லிஸ்ட்ல ஒன் பேரு இல்ல. தெனம் சாயங்காலம் கேட்டுல ஒரு கொரலு... 'சின்னக் கிராணி இன்னும் வரலயா'ன்னு கேக்கும்."

"இப்பவுமா?"

"போன மாசம் கம்பியெல்லாம் பிரிச்சுட்டாங்க. அன்னிலேருந்து அது அங்க வரதில்ல. ஒன்னத் தேடி எங்க போச்சோ."