பீரங்கி சொல்லிக்கொடுத்த கணக்கு

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் கணக்குப் பாடத்தில் நான் வாங்கியது பதினேழு. நூற்றுக்குப் பதினேழு. என் அப்பாவுக்கு, நைனா என்றுதான் கூப்பிடுவேன், எழுத்து சரியாகப் படிக்க வராது, ஆனால் எண்ணெல்லாம் நன்றாகவே தெரியும். விடைத்தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"போதும்மா. டென்த்து எழுதிட்டு கம்பெனிக்குப் போ. வரதய்யபாளையம் பக்கம் புது கம்பெனிங்க வந்துக்கினே இருக்குது. அங்கயே ஹாஸ்டலாம். ஆள் சேக்கற மேஸ்திரி கிட்ட சொல்லி வச்சிட்டேன்" என்றார்.

ஆந்திராவில் சித்தூர் பக்கம் இருக்கிற கங்காதர நெல்லூரில் எங்கள் தெருவிலிருந்து அந்த வருஷம் மட்டும் மூன்று பெண்கள் அப்படிப் போயிருந்தார்கள். எனக்கோ திருப்பதியில் படிக்க வேண்டும். அங்கே ஒரு ஜூனியர் காலேஜில் கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தனியாகப் பரீட்சை வைத்து, தேறியவர்களுக்கு ஹாஸ்டலோடு இலவச சீட் கொடுப்பார்கள். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு மேலேதான் நிற்கும். ஆனால் பதினேழு மார்க்கைக் கையில் வைத்துக்கொண்டு எந்த வாயால் சண்டை போடுவது? அழுதுவிட்டுப் படுத்தேன்.

வீட்டில் தமிழ், வகுப்பில் தெலுங்கு, எண்கள் மட்டும் இங்கிலீஷ் என்று வளர்ந்தவள் நான். டேன் தீட்டா மட்டும் எனக்கு எந்த மொழியிலும் புரியவில்லை.

அந்தப் பொங்கலுக்கு பெங்களூரிலிருந்து வந்த என் மாமா, அம்மாவின் தம்பி, அவர் ஆபீஸில் கழித்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டரைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார். "படிப்புக்கு" என்று நைனாவிடம் சொன்னார். உள்ளே பார்த்தால் இருந்தது ஒரே ஒரு யுத்த விளையாட்டு. ஒரு முறை நாம் நகர்த்தினால் ஒரு முறை எதிரி நகர்த்துவான். மலை, ஆறு, பாலம், ரோடு எல்லாம் வரைபடமாக விரியும். அவசரமே கிடையாது, யோசித்து ஆட வேண்டும்.

முதல் ஆட்டத்தில் நான் செய்த காரியத்தை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. என் பத்து டாங்கிகளையும் ஒரே ரோட்டில் ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்தினேன். நைனா டிராக்டர் டிரைவர். மாங்காய் சீசனில் சித்தூர் ஜூஸ் பாக்டரி வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்பார். முந்தினால் அடிதடிதான். சுமை வண்டி என்றால் வரிசையில்தான் நிற்கும் என்று எனக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. எதிரி முதல் டாங்கியை அடித்தான். அது பாலத்தின் மேல் எரிந்துகொண்டு நிற்க, பின்னால் இருந்த ஒன்பதும் நகர வழியில்லாமல் செத்தன.

"அடச்சீ!" என்று மேசையைக் குத்தினேன். அன்றைக்கு ரோஷம் வந்ததுதான், அப்புறம் விடவில்லை. ஆற்றை எங்கே கடக்கலாம், எந்த மேட்டில் நின்றால் எவ்வளவு தூரம் தெரியும், டீசல் தீராமல் எத்தனை கிலோமீட்டர் போகலாம் என்று பழைய நோட்டில் கணக்குப் போட்டேன். மேட்டின் உயரத்தைக் கணக்கிடப் போய் டேன் தீட்டாவும் பிடிபட்டது, பாடப் புத்தகக் கணக்குகளையும் அதே ரோஷத்தோடு போட ஆரம்பித்தேன். சோஷியல் புத்தகத்தில் கோடு கோடாக இருந்த மலைப்படம் ஒரு நாள் மலையாகவே எழுந்து நின்றது. ஊர்களெல்லாம் ஏன் ஆற்றங்கரையில் இருக்கின்றன என்பதும் யாரும் சொல்லாமலே விளங்கியது.

பீரங்கிக்கு மட்டும் கோணத்தையும் வேகத்தையும் நாமே எண்ணாக அடிக்க வேண்டும். நாற்பத்தைந்து டிகிரி வைத்தால் குண்டு அதிக தூரம் போனது. அதே வேகத்தில் முப்பது வைத்தேன், ஒரு இடத்தில் விழுந்தது. அறுபது வைத்தேன், அட, அதே இடம்! இருபதும் எழுபதும் வைத்துப் பார்த்தேன், அவையும் ஒரே இடம்தான். கூட்டினால் தொண்ணூறு வரும் எந்த ஜோடிக்கும் அப்படியே. அதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் வீட்டுக்குள் குதித்தேன்.

"பொட்டப்புள்ள குண்டு போட்டுக்கினு குதிக்குது பாரு" என்று நைனா தலையில் அடித்துக்கொண்டார்.

பத்தாவதில் கணக்கில் எண்பத்தாறு வந்தது. இனி காலேஜ்தான் என்று துள்ளினேன். நைனாவோ, "இந்த மார்க்குக்கு கம்பெனில நல்ல வேலயே குடுப்பாங்க" என்றார்! எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு நாள் முழுக்கச் சோறு தின்னவில்லை. கடைசியில் நைனா இறங்கி வந்து, "திருப்பதிக்கு ஒரே ஒரு வாட்டி கூட்டிக்கினு போறேன். சீட்டு கெடைக்கலன்னா மேஸ்திரி கூட கெளம்பணும். அழக் கூடாது" என்றார். சரி என்றேன்.

திருப்பதியில் காலையில் எழுத்துப் பரீட்சை. தேறியவர்களைச் சாயங்காலம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். நைனா திறந்த கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிசிக்ஸ் மேடம் தெலுங்கில் கேட்டார்: இருபது டிகிரியில் எறிந்த கல், அதே வேகத்தில் வேறு எந்தக் கோணத்தில் எறிந்தால் அதே இடத்தில் விழும்?

"எழுபது" என்றேன். அவர் வாய் மூடுவதற்குள் சொல்லிவிட்டேன்.

"இது பத்தாவதில் கிடையாதே, எப்படித் தெரியும்?"

"பேல்ச்சி சூசானு மேடம்" என்றேன். சுட்டுப் பார்த்தேன் என்று அர்த்தம். அறையே சிரித்தது. கம்ப்யூட்டர் கதையைச் சொன்னேன்.

மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "அது ஏன் அப்படி விழுகிறது?" என்றார்.

எனக்குத் தெரியாது. திரும்பி நைனாவைப் பார்த்தேன், அவர் கதை முடிந்தது என்று கிளம்பச் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. "தெரியாது மேடம். நாற்பது தடவை சுட்டேன், நாற்பது தடவையும் அப்படித்தான் விழுந்தது. ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் இங்கே வந்திருக்கிறேன்" என்றேன்.

மேடம் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். பிறகு நைனாவை உள்ளே அழைத்து, "பெட்டி படுக்கையோடு திங்கட்கிழமை கொண்டுவந்து விடுங்கள்" என்றார்.

வெளியே வந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நைனா எனக்கு முன்னால் கேட் வரைக்கும் நடந்தார். அங்கே அவருடைய செல் அடித்தது. மேஸ்திரி.

"இல்லப்பா, எம் பொண்ணு வராது. வேற ஆள பாத்துக்க" என்றார் நைனா. சாலையில் போனவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னார். "இங்க காலேஜில படிக்கப் போவுது... இன்னாது, ரெண்டு வருசம் கழிச்சா? அப்பவும் வராது."