வளையல் பட்ட கீறல்

சாவுச் செய்தி வந்தபோது நான் மருந்தறை ஜன்னலுக்குப் பின்னால் நின்று போத்தல்களில் இருமல் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். பாண்டிருப்பிலிருந்து வேலைக்கு வரும் சிற்றூழியர் வரிசையை விலக்கிக்கொண்டு வந்து, “ஐயா, நம்மட பூரணம் மிஸ்ஸி மோசம் போயிட்டா. விடியக்காலம்தான்” என்றார். வரிசையில் நின்ற பெண்களில் இரண்டு பேர் அந்த இடத்திலேயே குந்திவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளை எடுத்த கை அது. நானும் அளவுக் குவளையைக் கீழே வைத்தேன். மனம் கனத்தது உண்மை. அதன் பின்னாலேயே ஒரு நிம்மதியும் வந்தது என்பதையும் மறைக்க மாட்டேன். சொல்ல வேண்டிய ஒன்றை நல்லவேளையாகப் போன மாதமே அவரிடம் சொல்லி முடித்திருந்தேன்.

மிஸ்ஸியை அறிந்த உங்களுக்கு நான் அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக இந்தப் பகுதியின் மருத்துவமாது. கிழமையில் இரண்டு நாள் எங்கள் ஆஸ்பத்திரிக் கிளினிக், மிச்ச நாளெல்லாம் சைக்கிளில் வீடு வீடாக. பள்ளிவாசல் ஒழுங்கை, கோயில் ஒழுங்கை என்ற பேதம் அந்தச் சைக்கிளுக்கு இருந்ததில்லை. நான் அதே ஆஸ்பத்திரியில் மருந்து கலப்பவன். அவரைவிட எட்டு வயது இளையவன், அதனால் என்னைத் தம்பி என்பார். நான் எல்லாரையும் போல மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டேன்.

அவருடைய சட்டம் ஒன்றே ஒன்றுதான். ஒருநாள் எங்கள் பக்கத்து வட்டவிதானை, ஊர் வயலுக்கெல்லாம் தண்ணீர் பிரித்துக் கொடுக்கிறவர், தலைப்பிள்ளையைப் பார்க்க வரம்பிலிருந்து நேரே ஓடி வந்தார். கால் முட்டளவு சேறு. பிள்ளையைத் தூக்கக் கை நீட்டியவரின் முன்னால் மிஸ்ஸி குறுக்கே வந்து நின்றார். “முதல்ல தண்ணி. கை பிறகு” என்றார். தண்ணீருக்கு அதிகாரியானவர் திரும்பிக் கிணற்றடிக்குப் போனார். இந்தக் கதையை வட்டவிதானையே கலியாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

நான் சொல்லப்போவது நீங்கள் கேட்டிராத கதை. அது ஒரு புதுக் காரைப் பற்றியது.

என் ராத்தாவின், அதாவது மூத்த சகோதரியின், மாப்பிள்ளையான என் மச்சான் அப்போது சவூதியில் இருந்தார், வருடத்துக்கு ஒருமுறை லீவில் வந்து போவார். எண்பதுகளின் தொடக்கம். வெளிநாட்டுச் சாமான் தாராளமாக வந்து இறங்கத் தொடங்கிய காலம். ராத்தா நாலாவது பிள்ளைக்கு நிறைமாதமாக இருந்தாள். பிள்ளை பிறக்கும்போது ஊருக்கு வருவதாகவும், அதற்கு முன் கொழும்பில் ஒரு புதுக் கார் வாங்கி வைக்கும்படியும் மச்சான் எனக்கு எழுதினார். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். நானும் நற்பிட்டிமுனைக்குப் போய்விட்டவன்தான். போனவன் தன் சகோதரி வீட்டுக் காரியத்தைச் சரியாகச் செய்கிறானா என்று இரண்டு வீடும் பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கு அந்தக் கார் ஒரு பரீட்சை போல இருந்தது.

ஒரு சாரதியைக் கூட்டிக்கொண்டு போய் வானநீல நிறத்தில் ஒன்று எடுத்தேன். எடுக்கும்போதே அது கொஞ்சம் மங்கித்தான் இருந்தது. கப்பலில் வந்த தூசு என்று நினைத்துக்கொண்டேன். விற்ற இடத்தில் அச்சடித்த தாள் ஒன்றும் தந்தார்கள். வாசிக்காமல் மடித்துப் போட்டுவிட்டேன். போத்தலில் ஒட்டிய சீட்டை வாசிப்பதில்லை என்று நாள் முழுவதும் நோயாளிகளை ஏசுகிறவன் செய்த வேலை இது.

வழி நெடுக வெயில். இரண்டு இடத்தில் புதிதாகத் தார் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அறுவடைக் காலம் வேறு, சம்மாந்துறையைக் கடக்கும்போது மில்களின் உமிச்சாம்பல் மழைத் தூறலாக விழுந்தது. ராத்தா வீட்டுக் கடப்படி வாசலில் வந்து இறங்கிப் பார்த்தேன், எனக்கே முகம் செத்துப்போயிற்று. காரின் மேல் மஞ்சளாக ஒரு படலம் படர்ந்திருந்தது. தொட்டால் பிசுபிசுத்தது. அதில் சாம்பலும் மணலும் பூச்சிகளும் அப்பியிருந்தன. கீழ்ப்பக்கம் முழுவதும் தார்ப் புள்ளிகள். நீலம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

பார்க்க வந்தவர்களில் சீமெந்துக் கடைக் காக்கா, ஊருக்கே அண்ணன் முறையானவர், முக்கியமானவர். அவருக்குத் தெரியாத விசயம் என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இது பழைய கார், துருப்பிடித்த கறளை மறைக்க மேலால் பெயின்ட் அடித்திருக்கிறான், அது இப்போது உருகுகிறது என்று தீர்ப்புச் சொன்னார். பின்னேரத்துக்குள் அது சந்தை வரை போய்விட்டது. என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றது ஒரு பாதி ஊர். நானே தெரிந்துதான் பழையதை எடுத்தேன் என்றது மறு பாதி. ராத்தா என்னை உள்ளே கூப்பிட்டு, “தம்பி, நீ கண்ணத் தொறந்து பாத்துத்தான் எடுத்தயா?” என்று கேட்டாள். மச்சானுடைய மூன்று வருட வெயில் அந்தக் கார் என்று சொல்லி அழுதாள்.

அடுத்த நாள் விடியற்காலைச் சுபஹு தொழுத கையோடு நான் ஒரு காரியம் செய்தேன். ராத்தா வீட்டுச் சமையலறையில் பாத்திரம் விளக்குகிற தும்பையும் சாம்பலையும் எடுத்துக்கொண்டு போய் டிக்கியின் மேல் தேய்த்தேன். படலம் போயிற்று. நீலமும் தெரிந்தது. ஆனால் ஒரு சாண் அகலத்துக்கு அந்த நீலத்தின் மேல் வெள்ளைக் கோடுகளும் தெரிந்தன. மணல் இருந்ததை நான் யோசிக்கவில்லை. பழையதாக இருந்திருக்கக்கூடிய காரை இப்போது நான் நிச்சயமாகவே பழையது ஆக்கிவிட்டேன். அதன் மேல் ஒரு துவாயை விரித்துவிட்டு வேலைக்குப் போனேன். கோழி திருடியவனே கூட நின்று தேடிய கதையாக, அன்று ஆஸ்பத்திரியில் நான் வழமையைவிடச் சத்தமாகக் கதைத்ததாகப் பிறகு சொன்னார்கள்.

அன்றே ராத்தாவுக்குக் கிளினிக் நாள். இரத்த அழுத்தம் கூடியிருந்தது. கால்களும் வீங்கியிருந்தன. உப்பைக் குறைத்துப் படுத்திருக்கும்படியும், மூன்றாம் நாளும் இப்படியே இருந்தால் மட்டக்களப்புக்கு அனுப்பவேண்டி வரும் என்றும் டொக்டர் சொல்லிவிட்டார். மூன்று பிள்ளைகளையும் சுகமாகப் பெற்றவள். அன்றைக்கு எனக்குக் காரும் பெரிதாகத் தெரியவில்லை, ஊரும் பெரிதாகத் தெரியவில்லை. ராத்தாவுக்கு ஒன்று ஆகிவிட்டால் அது என் கையால் ஆனது என்ற பயம் மட்டும் இருந்தது.

மறுநாள் காலை மிஸ்ஸி வீட்டுக்கு வந்தார். ராத்தாவைப் பார்த்து, நித்திரை கொள்கிறாளா என்று கேட்டு, இல்லை என்றதும் காரணம் கேட்டார். ராத்தா ஜன்னலைக் காட்டினாள். மிஸ்ஸி முற்றத்துக்கு வந்து பொனட்டின் மேல் பெருவிரல் நகத்தால் மெல்லச் சுரண்டி, விரலை மோந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இது கறளும் இல்ல, ஒண்டும் இல்ல தம்பி. மெழுகு. பொறக்கிற புள்ள மேல வெள்ளையாப் பூசிக்கொண்டு வருமே, அதப்போல. கடல்ல வாற சாமானுக்கு உப்புக்காத்துப் படாம பூசி அனுப்பியிரிக்கான். நீங்கதானே நாள் முழுக்க மெழுகும் வெசிலினும் கலக்குற ஆள், உங்களுக்கே தெரியல்லையா?”

எனக்குத் தெரியத்தான் வேண்டும். களிம்பு செய்ய நான் தினமும் உருக்குகிற சாமான்தான் அது. காரின் மேல் இருந்ததால் கண் மறைத்துவிட்டது. வாசிக்காமல் மடித்துப் போட்ட தாளிலும் அதுதான் எழுதியிருந்தது.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மிஸ்ஸி பிரசவ அறைச் சட்டம் முழுவதையும் முற்றத்தில் அமுல்படுத்தினார். நான் சீலையோடு போனதும், “கைய எடுங்க. முதல்ல தண்ணி” என்றார். கிணற்றிலிருந்து முப்பது வாளிக்குக் குறையாமல் அள்ளி ஊற்றினேன். மணலும் சாம்பலும் தானாகக் கழன்று ஓடும் வரை யாரும் காரைத் தொடக்கூடாது. அதன் பிறகுதான் ராத்தாவின் பழைய பருத்திச் சீலைத் துண்டுகள், அதில் மண்ணெண்ணெய். ஒரு உள்ளங்கை அகலம் துடைப்பது, சீலையைப் புரட்டுவது, அடுத்த உள்ளங்கை. நிலத்தில் விழுந்த துண்டை மறுபடி எடுக்கக்கூடாது. தார்ப் புள்ளிகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, ஒரு வெற்றிலை மென்று முடிக்கிற நேரம் விட்டுவிட்டுத் துடைத்தோம். அவை வழுக்கிக்கொண்டு வந்தன. கடைசியில் சவுக்காரத் தண்ணீர், மறுபடியும் கிணற்றுத் தண்ணீர். அழுக்குப் பிடிவாதம் பிடித்த இடத்தில் நான் அழுத்தினால், “அழுத்தாதீங்க, ஊற விடுங்க. வாறது தானா வரும்” என்பார். பிள்ளை பெறும் பெண்களுக்கும் அவர் இதைத்தான் சொல்வார் என்று ராத்தா ஜன்னலுக்குள்ளிருந்து சொல்லிச் சிரித்தாள். கார் வந்த பிறகு அவள் சிரித்த முதல் சிரிப்பு.

பகல் சாப்பாட்டு நேரத்துக்குள் கார் நீலமாகிவிட்டது. கடப்படியில் நின்ற தென்னையின் ஓலை அதன் கதவில் தெரிந்தது. சீமெந்துக் கடைக் காக்கா வந்து பார்த்துவிட்டு, கார் புதிது என்று தான் அப்போதே சொன்னதாகச் சொன்னார். அன்று அவரிடம் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை, தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

டிக்கி மட்டும் மிச்சம். துவாயை மிஸ்ஸிதான் எடுத்தார். அந்த ஒரு சாண் இடத்தைப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். பிறகு அதையும் துடைத்தார். கோடுகள் போகவில்லை.

மூன்றாம் நாள் ராத்தாவின் அழுத்தம் இறங்கியிருந்தது. உப்பைக் குறைத்ததாலா, படுத்திருந்ததாலா, கார் மின்னியதாலா என்று டொக்டர் சொல்லவில்லை. மிஸ்ஸி, மூன்றுக்கும் பங்கு உண்டு என்றார். அடுத்த கிழமை அந்தக் காரிலேயே ராத்தாவை எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மகன் பிறந்தான். தாயும் பிள்ளையும் சுகம் என்று மிஸ்ஸி மருந்தறை ஜன்னலில் வந்து சொன்னபோது, வரிசையில் அத்தனை பேர் நிற்க, நான் உட்கார்ந்து அழுதேன்.

அதற்கு நாலாம் நாள் மச்சான் வந்தார். பிள்ளையைப் பார்த்துவிட்டுக் காரைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர், ஆனால் கோபம் வந்தால் வீட்டு ஓடு நிற்காது. பொனட், கதவு, கூரை என்று உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனவர் டிக்கியில் நின்றார். இதை யார் செய்தது என்று கேட்டார். குரல் அப்போதே ஒரு படி ஏறியிருந்தது.

பிள்ளையைக் குளிப்பாட்ட வந்திருந்த மிஸ்ஸி கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். “அது என்ட வளையல் பட்டது தம்பி, காரத் துடைக்கக்குள்ள. குறை நினைக்காதீங்க” என்றார்.

மச்சான் அவரைப் பார்த்தார். “அதுக்கென்ன மிஸ்ஸி, கார்தானே” என்றார். அவ்வளவுதான். விசயம் முடிந்துவிட்டது. நான் மிஸ்ஸியின் கைகளைப் பார்த்தேன். இரண்டும் வெறுங்கைகள். பிள்ளை எடுக்கிற கையில் வளையல் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே கழற்றிப் பெட்டியில் வைத்தவர் அவர்.

அன்று நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. நாளைக்குச் சொல்வோம் என்று ஆறு வருடம் ஓடிவிட்டது. அதற்குள் கார் எத்தனையோ மாப்பிள்ளைகளைச் சுமந்தது, எத்தனையோ பிரசவத்துக்கு ஓடியது. கலவரத்தில் இரண்டு ஊருக்கும் இடையே பாதை மூடிய நாட்களும் வந்து போயின. டிக்கி திறக்கும்போதெல்லாம் என் கண் அந்த ஒரு சாணில்தான் போய் விழும். பொய் சொல்லாத ஒரு மனிசியை ராத்தா வீட்டு முற்றத்தில் பொய் சொல்ல வைத்தேன் என்பது உள்ளே மணலாக அறுத்துக்கொண்டே இருந்தது.

போன மாதம் மிஸ்ஸி சுகமில்லாமல் படுத்திருப்பதாகக் கேள்விப்பட்டு மச்சானும் நானும் அதே காரில் பாண்டிருப்புக்குப் போனோம். போகிற வழியில் சொல்லிவிட்டேன். தும்பு, சாம்பல், துவாய், எல்லாம். மச்சான் பாதையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“மச்சான், மிஸ்ஸிட கையில எப்ப வளையல் இரிந்த? நான் அண்டைக்கே பாத்துட்டன்” என்றார். அப்படியானால் ஏன் கேட்கவில்லை என்றேன். “ஒரு மனிசி உனக்காகப் பழிய எடுத்து வெச்சிரிக்கா. அத நான் கிளறவா? நீயாச் சொல்லுவாய் எண்டு இரிந்தன்.”

மிஸ்ஸியின் கட்டிலடியில் அமர்ந்து இருவரும் இதைச் சொன்னோம். தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்ற அவர் கணவரும் கேட்டுக்கொண்டிருந்தார். மிஸ்ஸிக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. “அப்ப இந்த ஆறு வருசமும் உங்கட வீட்டுக்கு வாற நேரமெல்லாம் நான் கைய முந்தானைக்குள்ள ஒளிச்சது வீண்தானா?” என்றார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். “உள்ளுக்குப் பச்ச உடம்புக்காரி படுத்திரிந்தா தம்பி. அவட காதுல சத்தம் விழப்படாது. வேற ஒண்டும் நினைக்கல்ல” என்றார். திரும்பி வரும்போது எனக்கு உடம்பே பாரம் குறைந்தது போல இருந்தது.

அடக்கத்தன்று பாதை திறந்திருந்தது. இரண்டு பக்கத்துச் சனமும் வந்திருந்தது. தொப்பி போட்ட பையன்களும் திருநீறு பூசிய பையன்களும் முற்றத்தில் கலந்து நின்றார்கள், முக்கால்வாசிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள். மிஸ்ஸியைக் கூறைச்சேலையில் கிடத்தியிருந்தார்கள். கணவர் இருக்கும்போதே போனவர் என்பதால் நெற்றி நிறையப் பொட்டு. இரண்டு கைகளிலும் வளையல். அந்தக் கைகளில் வளையலை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். மச்சானும் பார்த்தார். வெளியே வந்து காருக்குப் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காருக்கு வயதாகிவிட்டது. வருகிற மாதம் மச்சான் அதை முழுவதும் புதிதாகப் பெயின்ட் அடிக்கக் கொடுக்கப்போகிறார். டிக்கியில் அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் விட்டுவிடும்படி கேட்டேன். பார்க்கிறவர்கள் சிரிப்பார்களே என்றார். சிரிக்கட்டும் என்றேன். கார் அவருடையது. கீறல் என்னுடையது. மிஸ்ஸி ஆறு வருடம் அதைத் தன்னுடையது என்று வைத்திருந்தார். இனி நானே வைத்துக்கொள்கிறேன்.