அந்த இலக்கத்துக்குப் போன செய்தி

மக்களை இணையவழி அரச சேவைக்குக் கொண்டுவருவது எது? பயிற்சி வகுப்பில் இக்கேள்விக்கு வசதி, வேகம் என்றெழுதி நல்ல புள்ளி வாங்கியவள் நான். மயிலிட்டியில் மீளக் குடியேறிய ஓர் அம்மா வந்துபோன பிறகு, அந்த விடையில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பிரதேச செயலகத்தில் இணைய விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பது என் வேலை. வயதானவர்கள் என் மேசையைக் கண்டால் விலகி, பழைய வரிசையில் போய் நிற்பார்கள். அந்த அம்மா நேராக என்னிடம் வந்தார். சண்டைக் காலத்தில் வேலைக்குப் போய்த் திரும்பாத மகனின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி வேண்டும் என்றார். தொலைபேசி இலக்கம் கேட்டேன், மனப்பாடமாகச் சொன்னார். உறுதிப்படுத்தும் ஆறு இலக்கங்கள் இப்போது வரும், பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். அவர் கைப்பையைத் திறக்கவில்லை.

“அது அவன்ரை நம்பர், பிள்ளை.”

தவறிச் சொல்லிவிட்டார் என்றெண்ணி அழிக்கப் போனேன். மணிக்கட்டைப் பிடித்தார். பிரதிகள் வீட்டில் நாலு இருக்கின்றனவாம். தான் மகனின் இலக்கத்துக்கு அழைப்பு எடுத்தால் பாவனையில் இல்லை என்றே சொல்கிறதாம். கம்பியூட்டரில் பதிந்தால் அரசாங்கமே அந்த நம்பருக்குச் செய்தி அனுப்பும் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

“நான் எடுத்தா ஆர் மதிப்பினம்? கவுண்மேந்து அனுப்பினா, அவனை வைச்சிருக்கிறவை அதை அவனிட்டைக் குடுக்கத்தானே வேணும்.”

திரையில் நேரம் குறைந்துகொண்டிருந்தது. இலக்கம் இயங்காது என்று காட்டிவிட்டால் தன்னுடையதைத் தருவார் என நினைத்து, என் தொலைபேசியில் அழைத்தேன். மணி அடித்தது. எடுத்தார்கள். நான் வாய் திறக்குமுன், ஓர் ஆண்குரல் ஆறு இலக்கங்களை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லி ஓய்ந்தது. என் விரல்கள் அவற்றைப் பதிந்தன. திரை ஏற்றுக்கொண்டது.

மீண்டும் அழைத்தேன். பாவனையில் இல்லை என்றது பதிவுக் குரல், மூன்று மொழிகளிலும்.

பழைய இலக்கங்களைப் புதியவர்களுக்குக் கொடுப்பதுண்டு என்று விளக்கினேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

“தடிமன் பிடிச்ச குரலோ, பிள்ளை? மாரி தொடங்கினா அவனுக்கு உது வரும்.”

குரல் கரகரத்துத்தான் இருந்தது. ஓம் என்றால், மிச்ச ஆயுளையும் அவர் என் மேசையருகிலேயே கழிப்பார். இல்லை என்றால், அன்றே அவரிடமிருந்து எதையோ பிடுங்கியவளாவேன். கவனிக்கவில்லை, அம்மா என்றேன்.

அன்றிலிருந்து, இலக்கம் யாருடையது என்று கேட்டறியாமல் நான் எந்த விண்ணப்பத்தையும் அனுப்புவதில்லை. அடுத்த மாதம் அவர் வந்தபோதும் கேட்டேன், மகனுடையது என்றார், அனுப்பவில்லை.