பிளக் பின்னில் சந்தனம்

மண்ணெண்ணெய் வாசத்தோடு சந்தன வாசம் கலந்தால் எப்படியிருக்கும் தெரியுமா... நேற்றுக் காலை வீட்டில் டிரில் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்த வாசம் மறுபடி மூக்கில் ஏறியது. உடனே பெரகல பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டமும் அந்தப் பழைய பிள்ளைக்காம்பராவும் ஞாபகத்துக்கு வந்துவிட்டன.

கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம்தான் பிள்ளைக்காம்பரா. புதிதாக ஒன்று கட்டிய பிறகு பழையது சும்மா கிடந்தது. லயத்து வரிசை வீட்டு ஆட்கள் நாங்கள் சேர்ந்து அதைக் கேட்டு வாங்கி, பொது வேர்க்ஷொப் ஆக்கினோம். கொழும்பில் வேலை செய்தவர்கள் கொண்டுவந்த வாள், இழைப்புளி, யாரோ கொடுத்த பழைய டிரில்... எல்லாம் எல்லாருக்கும் சொந்தம். கதவு, கட்டில், கோழிக்கூடு என்று எது வேண்டுமானாலும் அங்கே போய்ச் செய்துகொள்ளலாம்.

பொதுச் சாமான் உடையாமல் இருக்குமா? அதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எது பழுதானாலும் அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, இருந்த இடத்திலேயே மாட்டிவிட வேண்டும். யார் உடைத்தது என்று ஒருவரும் கேட்கக் கூடாது. கேட்டால் சண்டை வரும், சண்டை வந்தால் வேர்க்ஷொப்பை இழுத்து மூட வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடி, துணி கட்டியதையெல்லாம் இறக்கி, பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே முடிந்ததைத் திருத்துவோம்.

அந்த வருசம் ஆயுத பூசைக்கு முதல்நாள் அந்த டிரில் என்னை ஒரு உதறு உதறியது. பழைய காலத்து இரும்பு உடம்பு. உள்ளே வயர் தேய்ந்து உடம்பெல்லாம் கரண்ட் ஏறியிருந்தது. கரண்ட் கசிந்தால் தானாக அணைந்துவிடும் டிரிப் சுவிட்ச் என்ற ஒன்று அந்தக் கட்டடத்திலேயே கிடையாது. காலில் தடித்த சப்பாத்து இருந்ததால் தப்பினேன். சிவப்புத் துணியை எடுத்து இறுக்கிக் கட்டினேன். துணிதான் சொல்லுமே என்று வீட்டில்கூட அதைப் பற்றிப் பேசவில்லை.

பூசையன்று தரையைக் கழுவி, சாமான்களை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார்கள். நான் பூ வாங்கச் சந்திக்குப் போயிருந்தேன். துடைக்க வந்த முத்தம்மா அக்காவுக்குச் சுத்தம் என்றால் உயிர். எண்ணெய்ப் பிசுக்கேறிய கந்தலோடு எதையும் சாமி முன்னால் வைக்க அவருக்கு மனசு வரவில்லை. துணிகளையெல்லாம் அவிழ்த்து, துவைத்து மறுபடி கட்டிவிடலாம் என்று எடுத்துப் போய்விட்டார்.

சந்தனம் வைக்கிற பொறுப்பு குமார் அண்ணனுக்கு. கிண்ணம் கைக்கு வந்தால் மனுசனுக்குக் கண்மண் தெரியாது. சுத்தியலுக்குப் பொட்டு, ஆணி டப்பாவுக்குப் பொட்டு, என் மோட்டார் சைக்கிள் சைலன்சருக்கும் பொட்டு. நான் திரும்பி வந்தபோது நல்லதும் பழுதும் ஒன்றாகப் பூவுக்குள் ஜோராக உட்கார்ந்திருந்தன. எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

பூசையில் வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் காலையில் எடுத்து, சின்ன வேலையாவது தொடங்க வேண்டும். வசந்தியும் நானும் கல்யாணம் முடித்த புதிது. சட்டிபானை வைக்க அவள் ஒரு பலகை ராக்கை செய்துகொண்டிருந்தாள். ஓட்டை போடுவது மட்டும்தான் பாக்கி. "நான் மொதல்ல போய்த் தொடங்கிடுறேங்க" என்று சொல்லிவிட்டு விடியும்போதே போய்விட்டாள்.

நான் முகம் கழுவ, தண்ணீர் கொட்டும் பீலிக்குப் போனேன். நல்ல பனிமூட்டம். சோப்புப் போட்டுக்கொண்டே நிமிர்ந்தால், பக்கத்துத் தேயிலைச் செடிகளின் மேல் சிவப்புச் சிவப்பாக ஏதோ காய்கிறது. வேர்க்ஷொப் துணிகள்.

துணி இங்கே கிடக்கிறது... அப்படியென்றால் டிரில்?

சோப்பு முகத்தோடு ஓடினேன்.

வாசலில் அவள் செருப்பு. பூசை நடந்த இடமாயிற்றே என்று கழற்றிவிட்டிருக்கிறாள். உள்ளே கழுவிய தரை இன்னும் காயவில்லை.

வசந்தி வெறுங்காலை ஈரத்தரையில் ஊன்றி, பலகையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் டிரில், கையில் ஒரு ஈர்க்கு. பிளக்கின் மூன்று பின்னிலும் அப்பிக் காய்ந்திருந்த சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தக் குமாரண்ணனுக்கு அறிவிருக்கா பாருங்க. பிளக்குக்கெல்லாம் யாராச்சும் சந்தனம் வப்பாங்களா? எவ்வளவு நேரமா சொரண்டுறேன்..."

டிரிலை வாங்கித் தூர வைத்துவிட்டு அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அதுல கரண்ட் அடிக்குது வசந்தி. கட்டுன துணிய அவுத்துட்டாங்க."

அவள் பிளக்கைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள். "மூஞ்சியெல்லாம் சோப்பு" என்று சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது, சோப்பின் மேல் பழி போட்டேன்.

துணியை யார் அவிழ்த்தது என்று வழக்கப்படி யாரும் கேட்கவில்லை. முத்தம்மா அக்காதான் தானாகவே வந்து வசந்தியைக் கட்டிக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகு, எந்த மெஷின் பழுதானாலும் அதன் பிளக்கை வெட்டி எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. பூசைக்கு வரலாம், பொட்டும் உண்டு, பிளக் மட்டும் கிடையாது.

இப்போது பண்டாரவளையில் இருக்கிறோம். வீட்டில் டிரிப் சுவிட்ச் இருக்கிறது, டிரில் பிளாஸ்டிக் உடம்பு. பழுதாகிக் கொண்டுபோனால், திருத்துவதைவிடப் புதிது வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். அந்தப் பழைய டிரிலுக்காக ஏங்க நான் தயாரில்லை, போனதே நிம்மதி. அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நினைத்தால்தான் மனசு கொஞ்சம் இழுக்கிறது...

ஆனால் ஆயுத பூசை வந்தால், வசந்தி எல்லாவற்றுக்கும் முன்னால் டிரில் பிளக்கைத்தான் எடுப்பாள். மூன்று பின்னிலும் கெட்டியாகச் சந்தனத்தை அப்புவாள். மறுநாள் காலை அதைச் சுரண்டுவது என் வேலை.

நேற்றும் ஈர்க்கும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். குசினியில் அவள் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மெதுவாகத்தான் சுரண்டினேன்.